ஒருத்திக்கு மட்டும் ஒரு கூடாரம்

திண்டிவனத்தில் பாதிப் பேராவது இளவரசி கொடுத்தனுப்பிய தலையணையில் ஒரு ராத்திரி தலை வைத்திருப்பார்கள். கெங்கம்மாள் பந்தல் கடை என்று பலகையில் எழுதியிருந்தாலும் சாமியானா, சேர், அண்டா, ஜமுக்காளம், பாய், போர்வை என்று ஒரு விசேஷத்துக்கு வேண்டிய எல்லாமே அங்கே வாடகைக்குக் கிடைக்கும். கெங்கம்மாள் என்பது மாமியார் பெயர். அந்தம்மாள் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. இப்போது பந்தல், இரும்புக் குழாய், டெம்போ எல்லாம் கணவர் சக்கரபாணியின் பொறுப்பு. துணி, படுக்கை, தையல் மிஷின் இளவரசியின் பொறுப்பு.

கண்டாச்சிபுரம் பக்கத்திலிருந்து பிளஸ் டூ முடித்த கையோடு வாக்கப்பட்டு வந்தவள். இப்போது வயது நாற்பத்தெட்டு. இத்தனை வருஷத்தில் அவள் பார்த்த அளவுக்கு ஊரார் தூங்குவதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்குப் படுக்கை போட்டுக் கொடுத்து, விடிந்ததும் எண்ணிச் சுருட்டி, துவைத்துக் காயவைத்து மடிப்பாள். தலையணை உறையில் எண்ணெய்க்கறையைப் பார்த்தே இது பெண் வீடு, இது மாப்பிள்ளை வீடு என்று சொல்லிவிடுவாள். ஆனால் விசேஷ வீட்டில் அவளுக்கென்று ஒரு படுக்கை மிஞ்சியது கிடையாது. கடைசியில் வந்த விருந்தாளிக்கு அதையும் கொடுத்துவிட்டு சேர் அடுக்கில் சாய்ந்துகொள்வாள். அதை அவள் குறையாகச் சொன்னதும் இல்லை. வியாபாரம் என்றால் அப்படித்தான்.

போன வைகாசியில் மரக்காணம் பக்கம் ஒரு வீட்டுப் புதுமனைக்குப் பந்தல் போடப் போயிருந்தார்கள். அந்த வீட்டு முந்திரித் தோப்பில், முதல் நாள் சாயங்காலம், சைக்கிளில் ஒரு பெண் வந்து இறங்கினாள். கோயமுத்தூர்க்காரி, பேங்கில் வேலை, இளவரசியின் வயதுதான் இருக்கும். கடலோரமாக ஒரு வாரம் தனியாகச் சைக்கிளில் போகிறாளாம். வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு தோப்பில் ஒரு சின்னக் கூடாரத்தை அடித்தாள், உள்ளே போனாள், ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டாள். அவ்வளவுதான். ராத்திரி முழுக்க இந்தப் பக்கம் மைக் செட்டும் சமையல்காரர் சத்தமும். அந்தப் பக்கம் ஒரு சலனம் இல்லை. காலையில் கடையின் பழைய ஆள் தேவா சுத்தியலைத் தேடி எடுத்து வருவதற்குள் அவள் வீட்டையே சுருட்டிப் பைக்குள் வைத்துச் சைக்கிளில் கட்டிவிட்டாள்.

"பயமா இல்லீங்களா?" என்று இளவரசி கேட்டாள்.

"மொத நாள் இருந்துச்சுங்க. அப்புறம் தூக்கம் வந்துருச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள் அந்தப் பெண்.

அன்றிலிருந்து இளவரசிக்கு அந்த ஆசை பிடித்தது. மகள் வெண்ணிலா விழுப்புரத்தில் இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்க்கிறாள். அவளுடைய சிநேகிதி அருணாவின் குடும்பத்துக்கு ஜவ்வாது மலையில் ஒரு தோட்டம் உண்டு. கூடாரம் கொண்டுவந்தால் தங்கிக்கொள்ளலாம் என்று அருணா சொல்லியிருந்தாள். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, கடைக்கு ஓய்வு. மார்கழியில் மலைக்குப் போய் மூன்று ராத்திரி தனியாகத் தங்கிவிட்டு வருவது என்று இளவரசி முடிவு செய்தாள். முடிவு செய்துவிட்டுத்தான் கணவரிடம் சொன்னாள்.

சக்கரபாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை தட்டில் நின்றுவிட்டது.

"இன்னாது? தனியாவா? கூட யாரு?"

"தனியான்னா கூட யாரும் இல்லன்னு அர்த்தம்."

"கோயிலுக்கு வேண்டுதலா?"

"இல்ல. சும்மா."

"சும்மான்னு யாராவது மலையில போயிப் படுப்பாங்களா? பாம்பு இருக்குது, பன்னி இருக்குது, மழை வந்தா இன்னா பண்ணுவ? ஊருக்கே பந்தல் போடறவன் பொண்டாட்டி, காட்டுல போயித் துணியப் போத்திக்கினு படுத்தான்னு நாலு பேரு பேச மாட்டாங்களா?"

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் அவரே ஒரு வழி சொன்னார். அவருக்குள்ளே இருந்தது கோபமில்லை, பயம். அது இளவரசிக்கும் தெரியும்.

"சரி. மொதல்ல நம்ம கொல்லையில ஒரு ராத்திரி படு. மல்லாட்ட புடுங்கின எடம் சும்மாத்தான கெடக்குது. விடியறதுக்குள்ள என்னக் கூப்புட்டியானா, அந்தக் கூடாரம் கடைக்கு வந்துடணும். கல்யாண போட்டோ எடுக்கறவங்களுக்கு வாடகைக்கு வுட்டுடுவேன். மலைப் பேச்ச அப்புறம் எடுக்கக் கூடாது."

"கூப்புடலன்னா?"

"கூப்புடலன்னா போ. நானே பஸ் ஏத்தி வுடறேன்."

ஊருக்கு வெளியே, வேர்க்கடலை பிடுங்கிய அவர்களுடைய நிலத்தில் ஒரு ராத்திரி. இளவரசி ஒத்துக்கொண்டாள். ஆனால் அதற்கு முதலில் ஒரு கூடாரம் வேண்டுமே.

அவளுக்கு முழங்கால் தேய்மானம். கனமாக எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் கூடாரம், படுக்கை, மாற்றுத்துணி, தண்ணீர் எல்லாம் சேர்ந்து ஆறு கிலோவைத் தாண்டக் கூடாது என்று அவளாகவே ஒரு கோடு போட்டுக்கொண்டாள். எதையும் தூக்கிப் பார்க்காமல் நம்புகிற பழக்கம் அவளுக்கு இல்லை. பக்கத்து மளிகைக்கடை கிருஷ்ணவேணியின் எலக்ட்ரானிக் தராசில் வீட்டுப் போர்வையைக் கொண்டுபோய் வைத்தாள். கல்யாண வீட்டுக்குக் கொடுக்கிற சோலாப்பூர் போர்வை. இரண்டு கிலோவைத் தாண்டியது.

"இன்னாக்கா, போர்வைய கிலோ கணக்குல விக்கப் போறியா?" என்றாள் கிருஷ்ணவேணி.

"மலைக்குத் தூக்கிக்கினு போவணும்டி."

"அண்ணன வுட்டுட்டுத் தனியா போறியாமே? ரெண்டு கிலோ போர்வைக்கே இந்த யோசனைன்னா, அவரத் தூக்கிக்கினு போவ முடியாதுதான்."

கடையில் நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். இளவரசியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே போர்வையை மடித்து எடுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வெண்ணிலா வரும்போது அம்மாவும் மகளும் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். முதலில் வெண்ணிலா காட்டியது, வீசி எறிந்தால் தானாக விரியும் கூடாரம். விலையும் மலிவு. ஆனால் மடக்கினால் பெரிய தாம்பாளம் மாதிரி வட்டமாக நின்றது.

"இத எப்பிடி பஸ்ல ஏத்தறது? கண்டக்டர் லக்கேஜ் போட்டுடுவாரு. அதோட இது ஒத்தத் துணி."

"ஒத்தத் துணின்னா இன்னாம்மா? மழைக்குத் தாங்கும்னு போட்டிருக்கான்."

"மழைக்குத் தாங்கும். மூச்சுக்குத் தாங்காது. தார்ப்பாய் கொட்டாயில மூடிக்கினு படுத்தவங்கள நீ பாத்ததில்ல. ஒரு சொட்டு ஒழுவியிருக்காது, காலையில பாத்தா போர்வை ஈரமா இருக்கும். நம்ம மூச்சே மேல போயி பட்டு எறங்கும். உள்ள வலை, வெளிய துணி, நடுவுல காத்து போவணும். அப்பிடி இருந்தா காட்டு."

ரெட்டைத் துணியில் நிறைய இருந்தன. சக்கரபாணி கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்து, "வாங்கறதுதான் வாங்கறீங்க, மூணு பேர் கூடாரமா வாங்குங்க. காலு கைய நீட்டலாம்" என்றார்.

"மூணு பேருக்குன்னு வாங்கினா மூணு பேரு வந்துடுவாங்க" என்றாள் இளவரசி.

எடை மிகமிகக் குறைவாக ஒன்று இருந்தது. அதற்குக் கம்பே கிடையாது. நடக்கிற கைத்தடியை நடுவில் நிறுத்தி, நாலு பக்கமும் முளை அடித்து இழுத்துக் கட்டவேண்டும். வெண்ணிலாவுக்கு அது பிடித்திருந்தது. இளவரசி வெகுநேரம் அந்தப் படத்தையே பார்த்துவிட்டு வேண்டாம் என்றாள். மொட்டைமாடியில் சாமியானா போடும்போது முளை அடிக்க இடமில்லாமல் எத்தனை முறை திண்டாடியிருக்கிறார்கள். மலையில் பாறை இருந்தால் அதே கதைதான். முளை இல்லாவிட்டாலும் தன் காலில் நிற்கிற கூடாரம்தான் வேண்டும்.

கடைசியில் தேறியது, இரண்டு மெல்லிய கம்புகள் குறுக்காகப் போய் நிற்கிற ஓராள் கூடாரம். ஒன்றரைக் கிலோ. அடித்தரை கிண்ணம் மாதிரி மேலே தூக்கித் தைத்தது, பூச்சி பொட்டு நுழைய வழியில்லை. வாசல் நீளவாட்டில் இருந்தது. தலைமாட்டில் வாசல் இருந்தால் முட்டிவலிக்காரி தவழ்ந்துதான் வரவேண்டும். நிறம் சாம்பல் கலந்த பச்சை. சிவப்பும் மஞ்சளும் சாமியானாவில் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப் போனவளுக்கு அந்த நிறமே பாதி ஓய்வு.

படுக்கை விஷயத்தில் வெண்ணிலாவின் பேச்சு எடுபடவில்லை. பனிமலைக்குப் போகிறவர்களுக்கான ஸ்லீப்பிங் பேக் ஒன்றை அவள் காட்டியபோது, "இதுக்குள்ள என்ன வெச்சி மூடினா காலையில இட்லியா எடுக்கலாம்டி" என்றாள் இளவரசி.

"மார்கழியில மலையில குளுரும்மா."

"குளுரும். ஆனா குளிரு மேலேருந்து வராது. மண்டபத்துல மார்பிள் தரை போட்டப்புறம் பாக்கறன் இல்ல? ஒரு ஜமுக்காளத்த விரிச்சிட்டு மேல ரெண்டு போர்வை கேப்பாங்க. அப்பவும் நடுங்குவாங்க. கீழ ஒரு பாய சேத்துப் போடுங்கன்னுவேன். அப்புறம் ஒரு போர்வை திரும்பி வந்துடும். தரைதான் சூட்டை உறிஞ்சுது."

அதனால் முதலில் கீழே விரிப்பதைத்தான் தேர்ந்தாள். காற்று ஊதுகிற மெத்தை சின்னதாகச் சுருண்டது. பார்க்க ஆசையாகவும் இருந்தது. ஆனால் வேலிமுள் ஒன்று குத்தினால் ராத்திரி முழுக்க வெறுந்தரை. மடிப்பு மடிப்பாக விரிகிற ஃபோம் மெத்தையை எடுத்தாள். இடத்தை அடைக்கும்தான். பைக்கு வெளியே கட்டிக்கொண்டால் போயிற்று. எடை அரைக்கிலோகூட இல்லை. மேலுக்கு, லேசான குளிருக்கான, செயற்கைப் பஞ்சு அடைத்த ஸ்லீப்பிங் பேக். இறகு அடைத்தது இன்னும் லேசு, ஆனால் நனைந்தால் சுருங்கிப் போகும் என்று போட்டிருந்தது. "வீட்டுல துவைக்க முடியுமா?" என்பதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி. பஞ்சுப் பையைத் துவைக்கலாம். உள்ளே போட்டுக்கொள்ள ஒரு பழைய வாயில் புடவையைப் பையாகத் தைத்துவிட்டாள். புழுக்கமான ராத்திரிக்கு அது மட்டுமே போதும். தலையணை வாங்கவில்லை. மாற்றுப் புடவையைத் திணிக்க ஒரு உறை போதும்.

புரட்டாசி முதல் வாரத்தில் எல்லாம் வந்து சேர்ந்தது. அன்று மாலை இளவரசி கூடாரத்தைப் பிரித்து, கடைக்குள் கயிற்றில் தொங்கவிட்டுக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, சாமி கும்பிடக் கோயிலுக்குப் போனாள். அதுதான் அவள் செய்த தப்பு.

பந்தல் கடையில் ஒரு வழக்கம். புதுச் சாமான் எது வந்தாலும் அன்றைக்கே அதில் பெயர் விழுந்துவிட வேண்டும். கரண்டி என்றால் பெயர் வெட்டுவார்கள், துணி என்றால் சிவப்பு எனாமல் பெயிண்ட். பெயர் போடாத சாமான் ஒரு கல்யாணம் போய்வந்தால் அடுத்த கடைக்காரனுடையது ஆகிவிடும். அந்த எழுத்து வேலையைப் பல வருஷமாகச் செய்பவர் தேவா. ஐம்பதைத் தொடுகிற வயது, கை நடுக்கம் இல்லாத எழுத்து. புதுத் துணி கயிற்றில் தொங்குவதைப் பார்த்தார். யாரும் சொல்லவேண்டிய அவசியமே இல்லை. பிரஷ்ஷை எடுத்துவிட்டார்.

இளவரசி திரும்பி வந்தபோது சாம்பல் பச்சைத் துணியின் முதுகில், முழம் அளவுக்கு, கெங்கம்மாள் பந்தல், திண்டிவனம் என்று சிவப்பில் பளபளத்தது.

"மொத தபா 'கெ' கொஞ்சம் கோணிக்கிச்சுக்கா. தின்னர் போட்டு நல்லாத் தொடச்சிட்டு, திரும்ப ஒழுங்கா எழுதிட்டேன்" என்றார் தேவா, பெருமையாக.

அந்த முகத்தைப் பார்த்த பிறகு அவரைத் திட்ட அவளுக்கு மனம் வரவில்லை. பெயர் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் அப்போது நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் கூடாரத்தை நிறுத்திப் பார்த்தார்கள். முதல் தடவை இளவரசி சாமியானா பழக்கத்தில் துணியை முரசு மாதிரி இழுத்துக் கட்டினாள். கம்பு வில்லாக வளைந்து கிறீச்சென்றது. "யம்மா, வுடு வுடு! ஒடைஞ்சிடும்!" என்று வெண்ணிலா கத்தினாள். சாமியானா காற்றோடு மல்லுக்கு நிற்கும் ஜாதி. இது காற்று வந்தால் கொஞ்சம் வளைந்து கொடுத்துவிட்டு நிமிர்கிற ஜாதி. கயிற்றை இரண்டு விரல் தளர்த்தினாள், சரியாக நின்றது.

வெண்ணிலா தண்ணீர்க் குழாயைப் பிடித்தாள். இளவரசி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள். நாலு பக்கமும் தண்ணீர் முத்து முத்தாக வழிந்து இறங்கியது. ஓர் இடத்தில் மட்டும் துணி இருண்டது. பிறகு வியர்த்தது. பிறகு சொட்ட ஆரம்பித்தது. முதலில் 'கெ', அப்புறம் வரிசையாக மற்ற எழுத்துகள். தின்னர் பட்ட இடமெல்லாம் மழைக்காகப் பூசியிருந்த பூச்சைத் தின்றுவிட்டிருந்தது.

திருப்பி அனுப்பவும் முடியாது. கடைப் பெயர் எழுதிய கூடாரத்தை எவன் வாங்குவான்?

மாடிப்படியில் நின்று பார்த்த சக்கரபாணிக்கு முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை அவரால் மறைக்க முடியவில்லை. "வுடு இளவரசி. இன்னா பேஜாரு இது. நம்ம தார்ப்பாய மேல போத்திக்கோ. இல்ல, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"தார்ப்பாய் எட்டு கிலோ" என்றாள் அவள்.

கூடவே ஏறி வந்திருந்த தேவா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இளவரசி கீழே போனாள். கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். பெயர் இருந்த இடத்தைச் சுற்றிச் சதுரமாக வெட்டினாள். புதுக் கூடாரத்தின் முதுகில் ஜன்னல் மாதிரி ஓட்டை.

"ஐயோ அக்கா!" என்று தேவா தலையில் கைவைத்துக்கொண்டார். வெண்ணிலா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வெண்ணிலா, உன் மூணு மடிப்புக் குடையக் குடு."

"ஆபீஸ் குடைம்மா அது! போன மாசந்தான் வாங்கினேன்."

"குடு, வேற வாங்கித் தர்றேன்."

அந்த நீலக் குடைத் துணி லேசு, தண்ணீர் நிற்காது. கம்பிகளைக் கழற்றி எறிந்துவிட்டு, தேவையான அளவுக்கு இரண்டு துண்டை வெட்டி இணைத்தாள். சாமியானா மூட்டுப் போடுகிற முறையிலேயே, மேல்துணி கீழ்த்துணியின் மேல் விழுகிற மாதிரி, ஓடு வேய்வது போல மடித்து, மெழுகு தேய்த்த நூலில் இரட்டைத் தையல் போட்டாள். ஆனால் ஊசி போன துளை ஒவ்வொன்றும் ஒரு வாசல். மறுநாள் பஸ் ஏறி விழுப்புரம் போனாள். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பைக்காரர்களுக்கு ரெயின்கோட் விற்கிற கடையில், தையலில் பூசுகிற பசை கேட்டாள். கடைக்காரர் எதற்கு என்று கேட்டதற்கு, "வீடு ஒழுவுது" என்றாள்.

பசை காய ஒரு நாள் விட்டு, மறுபடி மாடியில் நிறுத்தினாள். இந்த முறை குழாயைப் பிடித்தது தேவா. விடவே மாட்டேன் என்று, மாடித் தொட்டி காலியாகிற வரைக்கும் அடித்தார். இளவரசி உள்ளே உட்கார்ந்து அந்த நீலச் சதுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது இருளவில்லை, வியர்க்கவும் இல்லை. கிருஷ்ணவேணியின் தராசில் கூடுதலாக வந்தது ஒரு எலுமிச்சம்பழ எடை.

புரட்டாசி கடைசி வாரம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பையை முதுகில் மாட்டிக்கொண்டாள். கொல்லை, மரக்காணம் போகிற ரோட்டில் உள்ளடங்கி இருந்தது. சக்கரபாணி வண்டியில் கொண்டுவந்து விட்டார். "நான் மோட்டார் கொட்டாயில படுத்துக்கறேன். உன் பக்கமே வர மாட்டேன்" என்று கடைசியாக ஒரு தடவை கேட்டுப் பார்த்தார்.

"நீங்க இருமினா எனக்குக் கேக்கும். அது தனியாப் படுத்ததா ஆவுமா?"

அவர் மேற்கே பார்த்தார். மேகம் கருத்துக்கொண்டிருந்தது. "மழை வரும்டி."

"வரட்டும். மலையில மட்டும் வராதா?"

அவர் போன பிறகு அவள் இடம் பார்த்தாள். பனைமரங்களை விட்டுத் தள்ளி, தண்ணீர் தேங்காத மேட்டைத் தேர்ந்தாள். கால்மாட்டை மேற்கே வைத்துக் கூடாரத்தை நிறுத்தினாள். குறுகலான பக்கம் காற்றைப் பார்த்து இருந்தால் காற்று இரண்டாகப் பிரிந்து பக்கவாட்டில் போய்விடும். சரளை மண்ணில் கூடாரத்தோடு வந்த சின்ன முளைகள் இரண்டு வளைந்தன. அவள் அலட்டிக்கொள்ளவில்லை. மாடிப் பந்தலுக்கு மணல் மூட்டை கட்டுவது போல, துணிப்பைகளில் மண்ணை நிரப்பிக் கயிற்றை அதில் கட்டினாள். கேப்பை அடையைத் தின்றுவிட்டு, உள்ளே போய் ஜிப்பை இழுத்தாள்.

முதலில் வந்தது பயம்தான். நிலத்தில் எது நகர்ந்தாலும் காதுக்குள்ளேயே நகர்ந்த மாதிரி இருந்தது. ஒரு தடவை போனைக் கையில் எடுத்தாள். மணி பார்க்கத்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். பிறகு அதைக் கால்பக்கம் தள்ளிவிட்டாள்.

மழை சொல்லிக்கொண்டு வரவில்லை. ஒரே அடியாக வந்தது. காற்று கூடாரத்தை ஒரு பக்கமாகச் சாய்த்தது, துணி முகத்துக்குக் கிட்டே வந்தது, கம்பு வளைந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். காற்று விட்டதும் கம்பு நிமிர்ந்தது. மறுபடி சாய்ந்தது, மறுபடி நிமிர்ந்தது. மின்னலில் மேலே நீலச் சதுரம் தெரிந்தது. கையை நீட்டித் தையல் மேல் வைத்தாள். சில்லென்று இருந்தது, ஆனால் காய்ந்திருந்தது. அந்தச் சத்தத்துக்குள்ளே, ஒருத்தரும் போர்வை கேட்காத, ஒருத்தரும் தண்ணீர் கேட்காத இடத்தில், அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

கால்பக்கத்தில் போன் அலறியது. சக்கரபாணி.

"இளவரசி! வரவா? டெம்போ ஸ்டார்ட்ல இருக்குது, ஜல்தியா வந்துடறேன்!"

"நான் கூப்புட்டனா?"

"இல்ல..."

"நீங்க கூப்புட்டா கணக்குல சேராது. போன வெயுங்க. தூக்கம் வருது."

பொய்யில்லை. நிஜமாகவே வந்தது. மழை அடித்துக்கொண்டிருக்கும்போதே தூங்கிப் போனாள்.

விடிந்ததும் விடியாததுமாக டெம்போ வந்து நின்றது. அதில் இரும்புக் குழாய், தார்ப்பாய், மெத்தை, போர்வைக்கட்டு, பிளாஸ்க்கில் காபி. சக்கரபாணியும் தேவாவும் சேற்றில் இறங்கி ஓடிவந்தார்கள். கூடாரம் நின்றுகொண்டிருந்தது. நனைந்து, பளபளவென்று, சாயங்காலம் விட்ட இடத்திலேயே.

"இளவரசி?" என்றார் சக்கரபாணி. பதில் இல்லை. தட்டுவதற்குக் கதவும் இல்லை.

தேவா குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டார். நிமிர்ந்தபோது வாயெல்லாம் பல். "அக்கா கொறட்ட வுடுறாங்க மொதலாளி."

இரண்டு பேரும் வரப்பில் உட்கார்ந்தார்கள். காபியை அவர்களே குடித்தார்கள். வெயில் துணியில் பட்ட பிறகுதான் உள்ளே அசைந்தது. ஜிப் இறங்கியது, கலைந்த தலை வெளியே வந்தது.

"எப்ப வந்தீங்க?"

சக்கரபாணி கையை உள்ளே விட்டுத் தரையைத் தடவினார். மெத்தையைத் தடவினார். புடவைப் பையைக் கசக்கிப் பார்த்தார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். காய்ந்த கை.

"நான் ராத்திரி பூரா தூங்கல" என்றார்.

"நான் தூங்கினேன்" என்றாள்.

அவர் டெம்போ பக்கம் திரும்பிக்கொண்டார். "ஜவ்வாது மலைக்குத் திருவண்ணாமல போயித்தான் மாறணும். காலையில மொத பஸ்ஸு நல்லது, உக்கார எடம் கெடைக்கும்" என்றார், யாருக்கோ சொல்கிற மாதிரி.

தேவா முளையைப் பிடுங்கப் போனார். "தொடாத தேவா" என்றாள். பந்தல்காரர்கள் இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, உதறி, மடித்து, சுருட்டி, அவளே பைக்குள் வைத்தாள். பையை முதுகில் ஏற்றிக்கொண்டாள்.

"வண்டியில போடு. உக்காரு" என்றார் சக்கரபாணி.

"வேணாம். மலையில நான்தான தூக்கணும். ரோடு முக்கு வரைக்கும் நடந்து பாக்கறேன், முட்டி இன்னா சொல்லுதுன்னு."

அவள் முன்னால் நடந்தாள். அவளை விட்டுப் போகவும் மனமில்லாமல், முந்தவும் தைரியமில்லாமல், குழாயும் தார்ப்பாயும் மெத்தையும் ஏற்றிய டெம்போ முதல் கியரில் பின்னாலேயே உருண்டு வந்தது. முக்கு டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள்.

"இன்னா சக்கரபாணி, காலங்காத்தால சாமி ஊர்வலமா?" என்று ஒருவர் கேட்டார்.

சக்கரபாணி தலையை வெளியே நீட்டினார். "ராத்திரி அடிச்ச மழையில எங்க வூட்டம்மா கொல்லையில தனியா படுத்துத் தூங்கிட்டு வருது. மார்கழியில மலைக்குப் போவுது. தனியாத்தான்!" என்று டீக்கடைக்கே கேட்கும்படி கத்திவிட்டு, தேவை இல்லாமல் இரண்டு தடவை ஹாரன் அடித்தார்.

இளவரசி திரும்பிப் பார்க்கவில்லை. முட்டி நன்றாகத்தான் இருந்தது. முக்கில் நிற்காமல் ஊர்ப் பக்கம் திரும்பினாள். டெம்போவும் திரும்பியது.